கல்லுக்கு வந்த நடுக்கம்

மர மில்லில் அண்ணனுக்குக் கல்லு என்றும் தம்பிக்குத் தந்தி என்றும் முதலில் பேர் வைத்தவர் யாரென்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். யார் வைத்தால் என்ன, பேர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது.

இரண்டு பேருக்கும் மீசை அரும்பும் வயதிலேயே சர்க்கரை நோய். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டுதான் காலையில் வேலைக்குக் கிளம்புவார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மருந்து. உடம்பு மட்டும் வேறு வேறு. ஊசி போட்ட பிறகு சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போய்ச் சர்க்கரை இறங்கினால் தந்தியின் உடம்பு ஊரைக் கூட்டிவிடும். இழுத்துக் கட்டிய கம்பி மாதிரிக் கை அதிரும். நெற்றி, மேலுதடு, கழுத்து என்று வேர்வை ஊற்றும். எதிரில் இருப்பவர் கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்னலாம் போலப் பசிக்கும். அதனால் அவன் சட்டைப் பையில் எந்நேரமும் பிஸ்கட் இருக்கும். பாதி மரத்தூள், பாதி பிஸ்கட்.

"அண்ணனுக்கும் அதே வியாதிதானே, அவன் எப்படி நிக்கிறான் பாரு. நீ ஏன்டா பூகம்பம் வந்த மாதிரி ஆடுற?" என்பார்கள் மரம் இறக்குகிறவர்கள்.

கல்லுவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். "எனக்கெல்லாம் இறங்குறதே இல்லப்பா. அவனுக்கு பிஸ்கட் தின்ன ஒரு சாக்கு."

கல்லுவின் மனைவியும் அதை நம்பினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் அவளுக்கு இஸ்திரி போடும் வேலை. காலை முதல் நின்றபடியே ஆவியில் வேகும் வேலை. வீட்டில் கொழுந்தன் உள்ளே நுழையும்போதே முகத்தைப் பார்த்துச் சர்க்கரை டப்பாவை நீட்டுவாள். புருஷன் முகத்தை அப்படிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததேயில்லை. இந்த வருஷ மழை தொடங்கும்வரை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான். ஒருநாள் குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்து நின்றான். தோளைத் தொட்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினான். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதவன் போல வந்து சோறு கேட்டான். அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு விடுமுறை நாள் காலையில், பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த மகளிடம் குனிந்து, "நீ யார் வீட்டுப் பாப்பா?" என்று மரியாதையாகக் கேட்டானே, அதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

குடி என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. துணி வாசனை அவளுக்குத் தொழில். புகை, சென்ட், ஆஸ்பத்திரி, அடுப்பங்கரை, எதுவானாலும் மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவாள். தினமும் புருஷன் கழற்றிப் போடும் சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். ஈர மரத்தூள் வாசனை, எண்ணெய் வாசனை, வேர்வை. அவ்வளவுதான். அது அவளுக்கு நிம்மதி தரவில்லை. குடியென்றால் இன்ன நோய் என்று தெரிந்துவிடும். குடியில்லை என்றால் பிறகு என்ன? அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்க முடியாமல் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் லாரி டிரைவர். அந்த மில்லுக்கே மரம் ஏற்றி வருகிறவர்.

"மறைச்சு மறைச்சு குடிக்கிறவன்தான் ரொம்ப ஆபத்து" என்றார் அண்ணன். "அடுத்த லோடு வர்றப்ப நேர்லயே பாக்குறேன். நீ துணிமணியை எடுத்து வெச்சுக்கோ. பாப்பாவையும் உன்னையும் கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மகளின் துணிகளை மடித்து ஒரு பைக்குள் வைத்தாள்.

அண்ணன் லாரி வந்த நாளில்தான் அது நடந்தது.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு புதுக் கட்டடத்துக்கு நிலையும் கதவும் அவசரமாக வேண்டுமென்று முதலாளி காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தார். இரண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற தடிமனுக்கு ஒரு மரம் வண்டியில் ஏறியிருந்தது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் பட்டை ரம்பம் இறங்கி ஓடும். வண்டி தண்டவாளத்தில் நகர்ந்து மரத்தைக் கொண்டுபோய் ரம்பத்தின் வாயில் கொடுக்கும். கல்லு வண்டியோடு கூடவே நடந்து, சத்தத்தைக் காதில் வாங்கி, மரத்தில் முடிச்சு வந்தால் வேகத்தைக் குறைப்பான். பாதி அறுத்த மரத்தை விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். ஈர மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று.

தந்தி பின்பக்கக் கொட்டகையில் மாற்று ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கை லேசாக அதிரத் தொடங்கியதும் இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே அரத்தைத் திரும்ப எடுத்தான். அப்போது சத்தம் மாறியது. மரம் அறுபடும்போது வருகிற கனத்த உறுமல் நின்று, ரம்பம் வெறுமனே ஓடுகிற மெல்லிய கீச்சொலி கேட்டது. அது ஒரு நொடி கேட்கும், உடனே வண்டியைப் பின்னால் இழுப்பார்கள். இப்போது கீச்சொலி நீண்டுகொண்டே போனது. தந்தி எட்டிப் பார்த்தான்.

பலகை அறுபட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கல்லு வண்டியை இழுக்காமல் ரம்பத்துக்கு எதிரே நின்றிருந்தான். ஓடுகிற ரம்பத்தில் ஒட்டிய தூளைத் துடைக்கிறவன் போலக் கையை மெல்ல நீட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே" என்று லாரிப் பக்கமிருந்து மச்சான் கத்தினார். கல்லு திரும்பவில்லை. தந்தி ஓடிப்போய் சுவிட்சைக் காலால் அடித்துவிட்டு, அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தான். சுவிட்சை அணைத்தாலும் அந்தச் சக்கரங்கள் லேசில் நிற்காது. கல்லு திமிறினான். முழங்கை தம்பியின் வாயில் இடித்து உதடு கிழிந்தது. பெற்ற தாயையும் சேர்த்து ஏசினான். அப்புறம் தூள் குவியலில் தொப்பென்று உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்தான்.

ஆள் போய்ச் சொல்லிக் கல்லுவின் மனைவி ஓடி வந்தபோது எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இனிமே இவன் ரம்பத்துக்குப் பக்கத்துலயே வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அண்ணன் அவளை 'பார்த்தாயா' என்பது போலப் பார்த்தார்.

அவள் அத்தனை பேர் முன்னாலும் மண்டிபோட்டு, புருஷன் வாயருகே முகத்தை வைத்து மோந்தாள். வெட்கம் மானமெல்லாம் பார்க்கிற நேரமில்லை அது.

"குடிக்கல" என்றாள்.

"குடிக்காமதான் இந்த ஆட்டம் ஆடுறானா?" என்றார் அண்ணன். "வேற ஏதாவது போட்டிருப்பான். நீ எழுந்திரு."

தந்தி உதட்டை முண்டாசுத் துணியால் அழுத்திக்கொண்டே வந்தான். "அண்ணி, சுகர் பாத்துடலாமா?"

"நடுங்கலையே தம்பி. ஒரு சொட்டு வேர்வைகூட இல்லையே."

"அதான் எனக்கும் புரியல. எனக்குன்னா இந்நேரம் உடம்பு தண்ணியா நனைஞ்சிருக்கும். பாத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாதே."

தன் பையிலிருந்த சிறிய கருவியை எடுத்து அண்ணனின் விரலைக் குத்தினான். கல்லு குழந்தை மாதிரி விரலைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்தான். கருவி எண்ணைக் காட்டியது. தந்தி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு விரலில் குத்திப் பார்த்தான். அதே எண்தான்.

"அண்ணி, இந்த அளவுக்கு எனக்கு இறங்கினா நான் கட்டை மாதிரி கீழ கெடப்பேன். இவன் என்னன்னா உக்காந்து சிரிக்கிறான். சர்க்கரை, சர்க்கரை கொண்டாங்க யாராவது."

மில் வாசலில் டீ போடுகிறவர் டப்பாவோடு ஓடி வந்தார். அவள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "முழுங்குங்க. இன்னொரு வாய். அவ்வளவுதான், இன்னொரு வாய்." பாதி அவள் புடவையில் வழிந்தது. யாரும் நகரவில்லை. வெயிலில் ஈர மரப்பட்டையின் புளித்த வாசனை ஏறியது.

ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகியிருக்கும். கல்லுவின் கண்ணுக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. சுற்றிலும் பார்த்தான்.

"மிஷினை ஏன் நிறுத்தினீங்க?" என்றான். பிறகு தம்பியைப் பார்த்துப் பதறிப்போனான். "டேய், வாயில என்னடா ரத்தம்? எவன்டா அடிச்சான்?"

தந்தி முண்டாசுத் துணியால் உதட்டை மறைத்தான்.

"பலகை பட்டுடுச்சுண்ணே" என்றான் தந்தி.

வீட்டுக்கு வந்து, சோறும் முட்டையும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரம்பத்தை நோக்கிக் கையை நீட்டியதை, ஏசியதை, தம்பியின் உதட்டை. அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொஞ்ச நாளாவே நடுநடுவுல கொஞ்ச நேரம் காணாமப் போயிடுது" என்றான். "எங்க போனேன்னு தெரியாது. எனக்கு மண்டை கழண்டுபோச்சுன்னுதான் நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பாப்பாவைத் தூக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவே."

"போறதாத்தான் இருந்தேன். பையைக்கூடக் கட்டிட்டேன்" என்றாள் அவள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை.

புருஷனும் மனைவியும் தந்தியுமாகப் போய்ப் பார்த்த டாக்டரம்மா நிதானமான ஆள். மூன்று பேரையும் உட்காரவைத்து, நடந்ததை ஆளாளுக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கல்லுவைப் பார்த்து, "சுகர் இறங்கினா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்கு இறங்காதும்மா."

"இறங்கினது உங்களுக்குத் தெரியலன்னு சொல்லுங்க."

தந்தி குறுக்கே புகுந்தான். "எனக்கு மட்டும் எப்படிம்மா தெரியுது? ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே ஊசி, ஒரே சோறு."

"ஒரே வயித்துல பொறந்தா? உங்க மூக்கும் அவர் மூக்கும் ஒண்ணாவா இருக்கு?"

கல்லு தம்பியின் மூக்கைப் புதிதாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

"சர்க்கரை இறங்கினதும் உடம்பு தானாவே ஒரு சத்தம் போடும்" என்றார் டாக்டரம்மா. "அதுலதான் கை நடுங்குது, நெஞ்சு அடிச்சுக்குது, வேர்க்குது. எவ்வளவு சத்தம் போடணும், கையும் நெஞ்சும் அதை எவ்வளவு கேக்கணும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். அதுல ஒரு பங்கு பொறப்புலயே வர்றது. அம்மா அப்பாகிட்டேர்ந்து உங்களுக்கு ஒரு விதமா வந்திருக்கும், தம்பிக்கு வேற விதமா வந்திருக்கும். ரெண்டு வீட்டுலயும் திருடன் நுழையுறான்னு வெச்சுக்கோங்க. தம்பி வீட்டு நாய் தெருவையே எழுப்புது. உங்க வீட்டு நாய் ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டுப் படுத்துக்குது."

"என் நாய் சோம்பேறிங்கிறீங்க."

"பொறக்கும்போதே கொஞ்சம் மெத்தனம். அது பாதிதான். திருடன் அடிக்கடி வந்து பழகிட்டா, இருக்கிற நாயும் குரைக்கிறதை விட்டுடும். உங்களுக்கு எத்தனையோ தடவை இறங்கி, உடம்புக்கு அதுவே பழகிப்போச்சு."

"ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணி, இதுதான்னு சொல்லிட முடியாதா?" என்று கேட்டாள் அவள்.

"பொறப்புல வந்தது இவ்வளவு, பழக்கத்துல வந்தது இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற மாதிரி ஒரு டெஸ்ட் இன்னும் கைக்கு வரலம்மா. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க."

அவள் கேட்க வந்த கேள்வி அது இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே உண்மையான கேள்விக்கு வந்தாள். "அப்போ இது... பைத்தியம் இல்லல்ல?"

"இல்லவே இல்ல. மூளைக்கு வேண்டிய சர்க்கரை போய்ச் சேரல. சேரலன்னா பெத்த பொண்ணையே அடையாளம் தெரியாது. சேர்ந்ததும் பழைய ஆளு. அன்னைக்கு சர்க்கரைத் தண்ணி குடிச்சதும் பழைய ஆளா ஆனாரா இல்லையா?"

அத்தனை மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ பட்டென்று இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வந்தது அழுகை. கல்லு பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் மனைவியை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க பொண்ணுக்கு இப்படி வருமாம்மா?" என்று கேட்டான்.

"சர்க்கரை நோயே வருமா வராதான்னு யாரும் இப்பச் சொல்ல முடியாது. வந்தா, அப்பாவுக்கு இப்படி இருந்துச்சுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. தெரிஞ்சிருந்தாலே பாதி ஆபத்து போச்சு."

மருந்தின் அளவைக் குறைத்தார். சர்க்கரை கொஞ்ச காலம் மேலேயே இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவைகூட இறங்க விடக்கூடாது என்றார். பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தான் சொல்லும்வரை ரம்பத்தின் பக்கம் போகக்கூடாது. "அப்படி இருந்தா உடம்புக்கு அந்தச் சத்தம் கொஞ்சமாவது திரும்ப வரும். தம்பி அளவுக்கு வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வரும்."

மில்லில் முதலாளி யோசித்துவிட்டு அண்ணனையும் தம்பியையும் இடம் மாற்றினார். தந்தி ரம்பத்துக்குப் போனான், கல்லு பல் தீட்டும் கொட்டகைக்கு. அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகச் சாய்வு பார்த்து ராவுகிற வேலை. ஆள் உயர மரத்தை உருட்டியவனுக்கு அது பூ கட்டுகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தம்பி அறுப்பதைக் குறை சொன்னான்.

"டேய், பலகை பாம்பு மாதிரி போகுது."

"நீ தீட்டின பல்லு அப்படி" என்று தந்தி பதிலுக்குக் கத்துவான்.

அவள் அண்ணன் அடுத்த லோடு இறக்கிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மாப்ளே, நான் அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"விடுங்க மச்சான். உங்க இடத்துல நான் இருந்தா லாரியிலயே கட்டித் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

அவர் அப்புறம்தான் உட்கார்ந்தார்.

வாரங்கள் போயின. அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். சோற்றைத் தட்டில் போடும்போது அவன் கையைப் பார்ப்பாள், சட்டையைக் கொடுக்கும்போது நெற்றியைப் பார்ப்பாள். நின்ற இடத்தில் காணாமல் போவது நின்றுவிட்டது, அது உண்மை. மகளோடு மறுபடி மல்லுக்கு நின்றான், வீட்டுப் பாடத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் டாக்டரம்மா சொன்ன சத்தம் வரவில்லை. வராமலே போய்விட்டால் வாழ்நாள் முழுக்க இவன் முகத்தை நாம்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமோ என்று இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். கொல்லைப்பக்கத்தில் இரண்டு நாள் துணியையும் துவைத்துப் போட்டிருந்தாள். துணிக்கொடி கட்டிய கம்பம் சாய்ந்து துணியெல்லாம் தரையைத் தொட்டது. கல்லு கடப்பாரையை எடுத்து, பழைய குழியைத் தோண்டி, கம்பத்தை நிமிர்த்தி, சுற்றிலும் கல் போட்டு இடித்துக்கொண்டிருந்தான். அடுப்பில் அரிசி இன்னும் வேகவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று அவன் கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என் கையைப் பாரு. என்னமோ பண்ணுது. நெஞ்சு படபடங்குது. எனக்கு ஏதோ ஆகப்போகுது."

விரல் நுனிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. வேலை செய்த வேர்வை இல்லை அது. எத்தனை வருஷம் கொழுந்தன் முகத்தில் பார்த்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா?

"தம்பி, சீக்கிரம் வா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினாள்.

தந்தி வந்து, பல வருஷ அனுபவஸ்தன் தோரணையில் அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். விரலைக் குத்தினான். "இறங்கித்தான் இருக்கு. ஆனா பெருசா இல்ல, ஆரம்பம்தான். உதடு மரத்த மாதிரி இருக்கா?"

"ஆமாடா."

"வயித்தைக் கவ்வுதா? யானையைக் குடுத்தாலும் திம்பேன்னு இருக்கா?"

"இருக்குடா. செத்துப்போயிடுவேனாடா?"

"சாக மாட்டே. அண்ணி, வந்துடுச்சு" என்றான் தந்தி. அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை நீட்டிய அவள் கையும் சிரிப்பில் ஆடியது.

"சிரிக்கிறீங்க ரெண்டு பேரும். இங்க உயிர் போகுது" என்று சொல்லிவிட்டு, கல்லு மடமடவென்று குடித்தான். நிமிர்த்திய கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுதாக நின்றபோது அவளுக்கு லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கல்லு முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தான்.

"தினமும் உனக்கு இப்படியாடா இருக்கும்?"

"தினமும் இல்ல. அடிக்கடி."

"இவ்வளவு பயமாவா இருக்கும்?"

"பழகிடும்ணே."

"பழக வேண்டாம்" என்றான் கல்லு. பிறகு, "இதைப் பாத்தாடா நான் சிரிச்சேன்" என்றான். தந்தி கம்பத்தை ஆட்டிப் பார்த்து, குழி இன்னும் கெட்டியாகவில்லை என்று சொல்லிக் கடப்பாரையைத் தான் எடுத்துக்கொண்டான்.

சோறு வெந்ததும் கல்லு இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட உட்கார்ந்தான். எதிரே மகள் அவன் தட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லுவின் மனைவி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தன் அண்ணனைக் கூப்பிட்டாள். லாரி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் கேட்டது.

"அண்ணே, உங்க மாப்ளைக்கு இன்னைக்குக் கை நடுங்குச்சு."

"ஐயையோ. என்னம்மா சொல்ற? வண்டியை ஓரங்கட்டுறேன், இரு." இரைச்சல் அடங்கியது. "இப்ப எப்படி இருக்காரு? நான் வரட்டுமா?"

"வேணாம்ணே. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"அப்ப நடுங்கினது நல்லதா, கெட்டதா?"

உள்ளே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக் கல்லு குரல் கொடுத்தான்.

"நல்லதுண்ணே" என்றாள் அவள். "ரொம்ப நல்லது."